ஸ்கை டைவிங்: முதுகுப் பைக்குள் இருக்கும் 200 வருட வரலாறு



ஸ்கை டைவிங் என்றதும் நம்மில் பலருக்கு 2011-ல் வந்த 'ஜிந்தகி நா மிலேகி தொபாரா' இந்திப் படம்தான் ஞாபகத்துக்கு வரும். ஸ்பெயின் நாட்டு வானத்தில் நண்பர்கள் மூன்று பேர் விமானத்திலிருந்து குதிப்பார்கள். பார்க்கிற நமக்கு "என்ன தைரியம்டா!" என்று தோன்றும். ஆனால் முதுகில் மாட்டியிருக்கும் பையை யாரும் கவனிப்பதில்லை. தைரியம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மனிதன் ஒரே வேகத்தில்தான் விழுவான். அவனைக் காப்பாற்றுவது அந்தப் பைதான்.

அந்தப் பையில் இருக்கிற ஒவ்வொரு பட்டைக்கும், வளையத்துக்கும், கயிறுக்கும் பின்னால் ஒரு விபத்தோ, மயிரிழையில் தப்பித்த கதையோ இருக்கிறது. ஸ்கை டைவிங்கின் அடிப்படைகளைப் புரிந்துகொள்ள அந்தக் கதைகளை வரிசையாகப் பார்த்தாலே போதும். கூடவே ஒரு கேள்வியையும் வைத்துக்கொள்வோம். கருவிகள் இவ்வளவு முன்னேறிய பிறகும் ஏன் இன்னும் சிலர் சாகிறார்கள்? பதிலைக் கடைசியில் பார்ப்போம்.

குடை முதலில், ஓட்டை பிறகு

'பாராசூட்' என்ற பெயரை வைத்தவர் பிரான்ஸ் நாட்டின் லூயி-செபாஸ்டியன் லெனார்மான். 1783 டிசம்பரில் மோன்பெல்லியே நகரத்தின் வானாய்வுக் கோபுரத்திலிருந்து குதித்துக் காட்டினார். வானத்திலிருந்து குதிப்பது அவர் நோக்கமே இல்லை. தீப்பிடித்த கட்டிடத்தில் மாட்டிக்கொண்டவர்கள் தப்பிக்க ஒரு வழி வேண்டும் என்றுதான் யோசித்தார்.

உண்மையான உயரத்திலிருந்து முதலில் இறங்கியவர் ஆந்த்ரே-ழாக் கார்னெரான். 1797 அக்டோபர் 22, பாரிஸ் நகரத்தின் மோன்சோ பூங்கா. பலூனில் சுமார் 1,000 மீட்டர் உயரத்துக்குப் போய், பலூனோடு இருந்த கயிற்றை அறுத்துவிட்டார். பட்டுத் துணிக் குடையும், அதன் கீழே தொங்கிய கூடையில் அவரும் இறங்கினார்கள். கீழே நின்று பார்த்தவர்களுக்கு உயிரே இல்லை. காரணம், கூடை கடிகாரப் பெண்டுலம் மாதிரி இப்படியும் அப்படியும் பயங்கரமாக ஆடியது. ஆனாலும் பிழைத்துக்கொண்டார்.

ஏன் ஆடியது? குடைக்குள் அடைபட்ட காற்றுக்கு வெளியே போக வழியில்லை. ஒரு தடவை இடது ஓரமாகப் பிதுங்கும், அடுத்த தடவை வலது ஓரமாகப் பிதுங்கும். குடையின் உச்சியில் ஒரு ஓட்டை போட்டுவிட்டால் காற்று நேராக மேலே போய்விடும், ஆட்டம் குறையும். பிற்காலத்து வட்டப் பாராசூட்டுகளின் நடுவில் ஓட்டை வந்தது இதனால்தான். துணியில் ஓட்டை போட்டால் பாதுகாப்பு கூடும் என்பது கேட்க வேடிக்கையாக இருந்தாலும் உண்மை!

1799-ல் அவருடைய மாணவியும் பிறகு மனைவியுமான ழான் லாப்ரோஸ் பாராசூட்டில் இறங்கிய முதல் பெண் ஆனார்.

கணக்கில் விட்டுப்போன எடை

1802-ல் கார்னெரான் லண்டனில் குதித்தபோது கூட்டத்தில் ராபர்ட் காக்கிங் என்ற ஓவியரும் இருந்தார். அந்த ஆட்டம் அவர் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. குடையைத் தலைகீழாக, புனல் மாதிரி வைத்தால் ஆடாது என்று ஜார்ஜ் கேய்லி என்ற விஞ்ஞானி எழுதியிருந்ததை அவர் பிடித்துக்கொண்டார்.

வருடங்கள் ஓடின. 1837 ஜூலை 24, காக்கிங்குக்கு 61 வயது. லண்டன் வாக்ஸால் தோட்டத்திலிருந்து சார்லஸ் கிரீன் என்பவரின் பலூனில், தான் செய்த தலைகீழ்ப் பாராசூட்டோடு மேலே போனார். சுமார் 5,000 அடி உயரத்தில் கழற்றிக்கொண்டார். கொஞ்ச நேரத்திலேயே பாராசூட் உடைந்து நொறுங்கியது. காக்கிங் இறந்துபோனார். பாராசூட் விபத்தில் இறந்த முதல் மனிதர் என்று வரலாறு அவரைத்தான் சொல்கிறது.

யோசனை தப்பில்லை. புனல் வடிவம் உண்மையிலேயே ஆடாமல் இறங்கக்கூடியதுதான். ஆனால் அந்தப் பாராசூட்டின் சொந்த எடையே 100 கிலோவுக்கு மேல். அதைக் கணக்கில் சரியாகச் சேர்க்கவில்லை, சட்டமும் அவ்வளவு பாரம் தாங்கவில்லை. எங்கள் காமர்ஸ் பாஷையில் சொன்னால், கடையின் செலவையெல்லாம் எழுதிவிட்டு வாடகையை மட்டும் எழுத மறந்த மாதிரி! அதற்கு இங்கே விலை ஓர் உயிர்.

1912: ஒரே வருடம், இரண்டு முடிவுகள்

விமானம் வந்தபிறகு பாராசூட்டின் தேவையும் மாறியது. விமானத்துக்குள் கூடையோடு உட்கார முடியாது. உடம்போடு ஒட்டிய, மடித்து வைக்கக்கூடிய பாராசூட் தேவைப்பட்டது. ஜெர்மனியில் கேத்தே பவுலுஸ் என்ற பெண் மடித்துப் பையில் வைக்கும் பாராசூட்டுகளைச் செய்தார். ரஷ்யாவில் 1910-ல் ஒரு விமானி தன் கண் முன்னால் விழுந்து இறந்ததைப் பார்த்த நாடக நடிகர் க்ளெப் கொத்தேல்னிகோவ், அடுத்த வருடமே முதுகில் மாட்டும் பாராசூட்டை உருவாக்கினார்.

பாரிஸில் ஃபிரான்ஸ் ரைஷெல்ட் என்ற தையல்காரர் வேறு வழியில் போனார். உடுப்பையே பாராசூட்டாகத் தைத்தார். 1912 பிப்ரவரி 4 அன்று ஈஃபில் கோபுரத்தின் முதல் தளத்துக்கு ஏறினார். பொம்மையை வைத்துச் சோதனை செய்வதற்குத்தான் போலீஸ் அனுமதி கொடுத்திருந்தது. நண்பர்கள் தடுத்தும் கேட்காமல் அவரே குதித்தார். உடுப்பு விரியவில்லை. கேமராக்கள் முன்னாலேயே இறந்தார்.

அந்தத் தளத்தின் உயரம் 57 மீட்டர். காற்றின் தடையை விட்டுவிட்டு பிளஸ் டூ இயற்பியல் சூத்திரத்தைப் போட்டுப் பாருங்கள். தரையைத் தொட சுமார் 3.4 விநாடிதான்! துணி விரிய நேரம் வேண்டும், நேரத்துக்கு உயரம் வேண்டும். இன்றைக்கும் ஸ்கை டைவிங்கின் முதல் பாடம் இதுதான்: உயரம் என்பது பயப்படவேண்டிய விஷயம் அல்ல, கையிருப்பில் இருக்கும் நேரம். தாழ்வாகக் குதிப்பதுதான் ஆபத்து.

ஒரு மாதம் கூட ஆகவில்லை. 1912 மார்ச் 1 அன்று அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஆல்பர்ட் பெர்ரி விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்துப் பத்திரமாக இறங்கினார். அவருடைய பாராசூட் விமானத்தின் அடியில் ஒரு கூம்புப் பெட்டியில் இருந்தது. அவர் விழ விழ அவர் எடையே அதை வெளியே இழுத்தது.

23 வயதுக்காரர் இழுத்த கயிறு

அந்தக் காலத்துப் பாராசூட்டுகளை விமானத்தோடு கட்டிய ஒரு கயிறுதான் திறக்கும். குதிப்பவர் எதுவும் செய்யவேண்டாம். இதற்கு 'ஸ்டாட்டிக் லைன்' என்று பெயர். வசதிதான். ஆனால் விமானம் சுழன்றுகொண்டே விழுந்தால்? கயிறு வாலில் சிக்கிக்கொண்டால்?

'டைனி' பிராட்விக் என்ற பெண்ணுக்கு அப்படித்தான் நடந்தது. பதினைந்து வயதிலிருந்தே பலூனிலிருந்து குதித்துக்கொண்டிருந்தவர். 1914-ல் அமெரிக்க ராணுவத்துக்கு சான் டியேகோவில் குதித்துக் காட்டும்போது கயிறு விமானத்தின் வாலில் சிக்கியது. அடுத்த குதிப்பில் அவர் கயிற்றைக் குட்டையாக வெட்டிவிட்டு, தன் கையாலேயே இழுத்துத் திறந்தார் என்று சொல்வார்கள்.

இருந்தாலும் பலர் நம்பவில்லை. காற்றில் அப்படியே விழும் மனிதன் மயக்கம் போட்டுவிடுவான், கை அசையாது என்பது அன்றைய பொதுவான நம்பிக்கை. முதல் உலகப் போரில் பலூனில் இருந்து வேவு பார்த்தவர்களுக்குப் பாராசூட் இருந்தது. பிரிட்டிஷ் போர் விமானிகளுக்கோ போர் முடியும்வரை கொடுக்கப்படவில்லை. எரியும் விமானத்தோடு எத்தனையோ இளைஞர்கள் விழுந்தார்கள்.

1919 ஏப்ரல் 28 அன்று ஓஹாயோ மாநிலத்தின் மெக்குக் விமானத் தளத்தில் லெஸ்லி இர்வின் இந்த நம்பிக்கையை உடைத்தார். வயது 23, ஏறக்குறைய நம்ம வயசு. சுமார் 1,500 அடியிலிருந்து குதித்து, காற்றில் விழுந்துகொண்டே 'ரிப்கார்டு' என்ற இழுகயிற்றைக் கையால் இழுத்தார். பாராசூட் விரிந்தது. இறங்கும்போது கணுக்கால் உடைந்தது, அவ்வளவுதான். மயக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை!

இர்வின் அதே வருடம் பாராசூட் கம்பெனி தொடங்கினார். பதிவு செய்யும்போது எழுத்தர் ஒருவர் 'இர்விங்' என்று தவறாக எழுதிவிட்டதால் கம்பெனி பெயர் அப்படியே நிலைத்துவிட்டதாம்.

1922 அக்டோபர் 20 அன்று ஹரால்ட் ஹாரிஸ் என்ற விமானியின் விமானம் நடுவானில் உடைந்தது. கையால் திறக்கும் பாராசூட்டால் உயிர் பிழைத்தார். இப்படிப் பிழைத்தவர்களுக்காக 'கேட்டர்பில்லர் கிளப்' என்ற ஒரு சங்கமே உருவானது. பட்டுப் புழுவின் நூலில் உயிர் தொங்கியது என்பதால் அந்தப் பெயர். உறுப்பினராகச் சேர ஒரே தகுதி, செத்துப் பிழைத்திருக்க வேண்டும்!

போர் முடிந்தது, விளையாட்டு வந்தது

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் பட்டு கிடைக்காமல் போக, நைலான் அந்த இடத்துக்கு வந்தது. போர் முடிந்ததும் மிச்சமிருந்த ராணுவப் பாராசூட்டுகள் மலிவாகக் கிடைத்தன. பொழுதுபோக்குக்காகக் குதிக்கும் கூட்டம் பெருகியது. 1951-ல் யுகோஸ்லாவியாவின் பிளெட் நகரத்தில் முதல் உலகப் போட்டி நடந்தது.

இந்தக் காலத்தின் முக்கியமான பாதுகாப்புக் கண்டுபிடிப்பு ஒரு கருவி இல்லை, உடம்பை வைத்துக்கொள்ளும் விதம்! பிரான்ஸின் லியோ வாலென்டின், வயிறு கீழே, முதுகு வளைந்து, கை கால்களை விரித்து விழுந்தால் உடம்பு சுழலாமல் நிலையாக இருக்கும் என்று செய்து காட்டினார். இறகுப் பந்தை எப்படிப் போட்டாலும் கனமான பக்கம் கீழே வருகிற மாதிரிதான். சுழலாமல் விழுந்தால்தான் பாராசூட் சிக்கில்லாமல் விரியும். இன்றைக்கும் எல்லா மாணவர்களுக்கும் முதலில் சொல்லித்தருவது இதுதான். அதே வாலென்டின் 1956-ல் மரச் சிறகுகளைக் கட்டிக்கொண்டு பறக்க முயன்று இங்கிலாந்தில் இறந்தார்.

சுழற்சி எவ்வளவு மோசமானது என்பதற்கு ஜோசப் கிட்டிங்கர் சாட்சி. 1959 நவம்பர் 16 அன்று அமெரிக்க விமானப்படைச் சோதனையில் 76,400 அடி உயரத்திலிருந்து குதித்தார். நிலைப்படுத்தும் சின்னப் பாராசூட் சீக்கிரமே வெளியே வந்து கழுத்தைச் சுற்றிக்கொண்டது. நிமிடத்துக்குச் சுமார் 120 சுற்று சுழன்று நினைவிழந்தார். தானாகத் திறக்கும் ரிசர்வ் பாராசூட்தான் அவரைக் காப்பாற்றியது. அடுத்த வருடமே 1,02,800 அடியிலிருந்து குதித்து, அரை நூற்றாண்டுக்கு மேல் நின்ற சாதனையைச் செய்தார்.

இறக்கை, மூன்று வளையம், ஒரு சின்னக் கத்தி

இன்றைய பாராசூட்டை உருவாக்கியவை முக்கியமாக மூன்று விஷயங்கள்.

ஒன்று, வடிவம். 1960-களில் டொமினா ஜால்பெர்ட், அறை அறையாகத் தைத்த செவ்வகத் துணியை உருவாக்கினார். முன்பக்கத் திறப்புகள் வழியாகக் காற்று புகுந்து அது விமான இறக்கை மாதிரி உப்பிக்கொள்ளும். வட்டக் குடை காற்று இழுக்கிற பக்கம் போகும். இதையோ நாம் ஓட்டலாம், திருப்பலாம், தரைக்கு அருகில் 'பிரேக்' பிடித்து மெதுவாக இறங்கலாம்.

இரண்டு, கழற்றும் வழி. மெயின் பாராசூட் சிக்கலாகிவிட்டால் அதைக் கழற்றி எறிந்த பிறகுதான் ரிசர்வைத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் பின்னிக்கொள்ளும். பழைய கொக்கிகளை இரண்டு தோளிலும் தனித்தனியாகத் திறக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கழன்றால் நிலைமை இன்னும் மோசம். 1970-களில் பில் பூத் 'மூன்று வளையம்' என்ற எளிய அமைப்பைக் கொண்டுவந்தார். பெரிய வளையத்துக்குள் நடுத்தரம், அதற்குள் சின்னது, கடைசியில் ஒரு நூல் வளையம். ஒவ்வொரு வளையமும் நெம்புகோல் போலச் சுமையைப் பல மடங்கு குறைத்துவிடுகிறது. ஒரே கைப்பிடியை இழுத்தால் இரண்டு தோளும் ஒன்றாகக் கழன்றுவிடும்.

மூன்று, தானியங்கி. கையால் இழுக்க முடியாத நிலையில் இருப்பவரை யார் காப்பாற்றுவது? பழைய இயந்திரக் கருவிகள் வேண்டாத நேரத்தில் திறந்துவிடும் என்ற பயம் இருந்ததால் அனுபவசாலிகள் அவற்றைத் தொடவே மாட்டார்கள். 'அது கத்துக்குட்டிகளுக்கு' என்ற கௌரவப் பிரச்சினை வேறு. 1991-ல் ஜெர்மனியின் ஏர்டெக் நிறுவனம் 'சைப்ரஸ்' என்ற மின்னணுக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. காற்றழுத்தத்தை வைத்து உயரத்தையும் வேகத்தையும் கணக்கிடும். அனுபவசாலிகளுக்கான வகையில், சுமார் 225 மீட்டர் உயரத்திலும் விநாடிக்கு 35 மீட்டருக்கு மேல் வேகம் இருந்தால், ரிசர்வ் பையை மூடியிருக்கும் நூலை ஒரு சின்னக் கத்தி வெட்டிவிடும். முழு வேகத்தில் விழுபவருக்குத் தரை அப்போது நான்கைந்து விநாடி தூரத்தில்தான் இருக்கிறது. கடைசி வாய்ப்பு என்பது இதுதான்.

இன்றைக்கு ஒரு குதிப்பு எப்படி நடக்கிறது?

விமானம் சுமார் 13,000 அடிக்குப் போகும். குதித்த பத்துப் பன்னிரண்டு விநாடியில் வேகம் மணிக்குச் சுமார் 190-200 கிலோமீட்டரை எட்டி, அதற்கு மேல் கூடாமல் நின்றுவிடும். புவியீர்ப்பும் காற்றுத் தடையும் சமமாகிவிடுவதே காரணம். சுமார் ஒரு நிமிடம் இப்படி விழலாம். கையில் கட்டிய ஆல்டிமீட்டர் உயரத்தைக் காட்டிக்கொண்டே இருக்கும்.

குறித்த உயரத்தில் 'பைலட் சூட்' என்ற குட்டிப் பாராசூட்டைக் காற்றில் எறிய வேண்டும். அது மெயினை வெளியே இழுக்கும். 'ஸ்லைடர்' என்ற ஒரு துண்டுத் துணி கயிறுகளில் மெதுவாக வழுக்கி இறங்கும். துணி படக்கென்று விரிந்து எலும்பை உடைக்காமல் இருக்கத்தான் அது. அமெரிக்க பாராசூட் சங்கத்தின் விதிப்படி, மாணவர்கள் 3,000 அடிக்குக் கீழே வருவதற்குள் திறந்தாக வேண்டும். பயிற்சியாளரோடு சேர்த்துக் கட்டிக் குதிக்கும் 'டேண்டம்' முறையில் 5,000 அடி.

மெயின் சரியில்லையா? வலது கைப்பிடி மெயினைக் கழற்றும், இடது கைப்பிடி ரிசர்வைத் திறக்கும். அமெரிக்காவில் ரிசர்வை உரிமம் பெற்ற 'ரிக்கர்' மட்டுமே மடிக்கலாம். பயன்படுத்தாவிட்டாலும் 180 நாளுக்கு ஒருமுறை பிரித்துச் சோதித்து மறுபடி மடிக்க வேண்டும்.

அப்படியானால் ஏன் சாகிறார்கள்?

அமெரிக்காவில் 1970-களில் வருடத்துக்குச் சராசரியாக 40 பேருக்கு மேல் இந்த விளையாட்டில் இறந்தார்கள். 2023-ல் சுமார் 36.5 லட்சம் குதிப்புகளில் 10 பேர். பெரிய முன்னேற்றம்தான். கருவிகள் தங்கள் வேலையைச் செய்துவிட்டன.

ஆனால் மிச்சமிருக்கும் மரணங்களில் கணிசமானவை பாராசூட் ஒழுங்காக விரிந்த பிறகு நடப்பவை! இறக்கை வடிவப் பாராசூட்டை ஓட்ட முடியும் என்றானதும், அதை வேகமாக ஓட்ட ஆசை வந்தது. மாணவர்களுக்கு 200 சதுர அடிக்கு மேல் பெரிய துணி கொடுப்பார்கள். சில வல்லுநர்கள் 100 சதுர அடிக்கும் குறைவானதில் பறப்பார்கள். தரைக்கு அருகே வேகமாகத் திரும்பிப் புல்லை உரசிக்கொண்டு வருவது ஒரு தனி விளையாட்டாகவே ஆகிவிட்டது. ஒரு விநாடி தப்பினால் அவ்வளவுதான். அந்த இடத்தில் ரிசர்வும் உதவாது, சைப்ரஸும் உதவாது.

மூன்று வளையம் கண்டுபிடித்த பில் பூத்தே இதைப் பார்த்து நொந்துபோய் ஒரு 'விதி' சொன்னார். கருவி எவ்வளவு பாதுகாப்பாகிறதோ அவ்வளவுக்கு மனிதர்கள் கூடுதல் ஆபத்தை விரும்பி எடுத்துக்கொள்வார்கள் என்பது அதன் சாரம். பொருளாதாரம் படிக்கிறவர்களுக்கு இது புதிதல்ல. கார் பாதுகாப்புச் சட்டங்களைப் பற்றி சாம் பெல்ட்ஸ்மன் 1975-ல் இதே கருத்தைத்தான் வாதிட்டார். இன்சூரன்ஸ் பாடத்தில் வரும் 'மாரல் ஹசார்டு'க்கும் இது சொந்தக்காரன்தான். இழப்பை வேறு யாரோ தாங்குவார்கள் என்று தெரிந்தால் நம் ஜாக்கிரதை குறைகிறது.

பழக்கமும் இதே மாதிரி ஒரு எதிரி. 1988 ஏப்ரலில் வட கரோலினாவில், 800 தடவைக்கு மேல் குதித்த ஒருவர் மற்றவர்களைப் படம் பிடிப்பதற்காக விமானத்திலிருந்து குதித்தார். வீடியோ சாதனங்கள் உடம்பில் இருந்தன. பாராசூட் இல்லை. போட மறந்துவிட்டார். அவரும் பார்க்கவில்லை, விமானத்தில் இருந்தவர்களும் பார்க்கவில்லை. குதிக்கும் முன் ஒருவர் பையை இன்னொருவர் தொட்டுப் பார்க்கும் சோதனைக்கு ஒரு நிமிடம் கூட ஆகாது. உலகத்திலேயே மலிவான பாதுகாப்புக் கருவி அதுதான்.

குதிக்கப் போகிறீர்களா?

டேண்டம் குதிக்க ஆசைப்படும் நண்பர்கள் பணம் கட்டும் முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். பயிற்சியாளருக்கு டேண்டம் உரிமம் இருக்கிறதா? ரிசர்வ் கடைசியாக எப்போது மடிக்கப்பட்டது? தானியங்கிக் கருவி இருக்கிறதா, ஆன் செய்தாயிற்றா? காற்று அதிகமானால் குதிப்பை ரத்து செய்வீர்களா? கடைசிக் கேள்விக்கு "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்று பதில் வந்தால் தாராளமாகத் திரும்பி வந்துவிடுங்கள். தள்ளுபடியை நம்பிக் குதிக்க வேண்டாம்.

காக்கிங்கின் கணக்கிலிருந்து சைப்ரஸின் கத்தி வரை, பையில் இருக்கும் ஒவ்வொன்றும் 'இன்னொருவன் இப்படிச் சாகக் கூடாது' என்று யாரோ யோசித்ததால் வந்தது. அவர்கள் நமக்காகச் சம்பாதித்துக் கொடுத்த அந்த நாலு விநாடியை இன்னும் கொஞ்சம் வேகமாகப் போய்ச் செலவழித்துவிடாமல் இருப்பது மட்டும் நம் கையில் இருக்கிறது. அதை எந்தப் பையிலும் மடித்து வைக்க முடியாது.